நேரடிக் கச்சேரியைப் பதிவு செய்ய: கையடக்க ரெக்கார்டருக்கான மைக்குகளும் துணைக்கருவிகளும்

கையடக்க ரெக்கார்டருடன் கச்சேரிக்குப் போகத் தொடங்குகிறவர்கள் முதலில் கேட்பது "எந்த மைக் வாங்கலாம்?" என்பதுதான். அதற்கு முன்பே விடை தெரிந்திருக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: அந்த மைக் அரங்கில் எங்கே நிற்கப்போகிறது? மேடை விளிம்பில் நரம்பின் அதிர்வைக்கூடத் தெளிவாகத் தரும் மைக், பின்வரிசைக்குப் போனதும் கூடத்தின் முழக்கத்தையும் பக்கத்து இருக்கையின் இருமலையுமே வாரிக்கொண்டு வரும். விலை உயர்ந்த மைக்கைத் தவறான இடத்தில் வைப்பதைவிட, நடுத்தரமான மைக்கைச் சரியான இடத்தில் வைப்பது நல்ல பலன் தரும். ஆகையால் இந்த வழிகாட்டி இடத்தில் தொடங்கி, மைக்கின் வகை, அதற்கு வேண்டிய மின்சாரம், ரெக்கார்டர், துணைக்கருவிகள் என்ற வரிசையில் செல்கிறது. வாங்கும் முடிவுகளையும் இதே வரிசையில் எடுக்கலாம்.

படி 1: அனுமதி

கலைஞரிடமும் நிகழ்ச்சி அமைப்பாளரிடமும் முன்கூட்டியே அனுமதி பெறுங்கள். சட்டமும் பண்பும் ஒருபுறம் இருக்க, அனுமதி பெற்றவரால்தான் ஸ்டாண்டு நிறுத்தவும், கேபிள் இழுக்கவும், ஒலி பரிசோதனையின்போது அளவுகளைச் சரிபார்க்கவும் முடியும். ஒளித்து வைத்த மைக்கில் துணி உரசும் சத்தம்தான் முதலில் பதிவாகும். அமெரிக்காவின் கிரேட்ஃபுல் டெட் இசைக்குழு, ரசிகர்கள் பதிவு செய்வதற்கென்றே 1984இல் அரங்கில் தனிப் பகுதியை ஒதுக்கியது. அந்தப் பகுதி ஒலிக்கலவை மேசைக்கு (மிக்ஸர்) பின்னால் அமைந்தது. மேசைக்கு முன்னால் மைக் ஸ்டாண்டுகள் காடாக நின்றால் ஒலிப்பொறியாளருக்கு மேடை தெரியாது. நீங்கள் எங்கே நிற்பது என்று பேசும்போதும் இந்தச் சிக்கலை நினைவில் வைத்திருங்கள். ஒலிப்பொறியாளரைப் பகைத்துக்கொண்டு நல்ல பதிவு எடுத்தவர் எவருமில்லை.

படி 2: தூரத்தைக் கணக்கிடுதல்

இசை எழும் இடத்திலிருந்து தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் நேரடியாக வரும் ஒலி 6 டெசிபல் குறைகிறது. ஆனால் சுவர்களிலும் கூரையிலும் பட்டுத் திரும்பும் எதிரொலி கூடம் முழுவதும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் நிரம்பியிருக்கும். எனவே பின்னால் நகர நகர, இசை சிறிதாவதில்லை, எதிரொலிக்குள் கரைகிறது. பதிவான பிறகு எந்த மென்பொருளாலும் இதை முழுமையாகப் பிரித்தெடுக்க முடியாது.

மைக்கின் திசைத்தன்மை இந்தக் கணக்கில் ஓரளவுக்குத்தான் உதவும். எல்லாத் திசைகளிலிருந்தும் ஒலியை ஏற்கும் ஆம்னி மைக்கை 1 மீட்டரில் வைத்தால் நேரொலிக்கும் எதிரொலிக்கும் எந்த விகிதம் கிடைக்குமோ, அதே விகிதம் முன்பக்க ஒலியை அதிகம் ஏற்கும் கார்டியாய்டு மைக்குக்கு 1.7 மீட்டரிலும், அதைவிடத் திசை கூர்மையான ஹைப்பர்கார்டியாய்டு மைக்குக்கு 2 மீட்டரிலும் கிடைக்கும். அதாவது, திசை கூர்மையான மைக்குக்குப் பெரும் பணம் செலவிட்டாலும், ஆம்னியைப் போல இருமடங்கு தூரம்தான் உங்களால் பின்வாங்க முடியும். இதையும் தாண்டி "தொலைதூரத்து ஒலியை இழுத்து வரும்" மைக் என்று எதுவும் இல்லை.

நீண்ட குழல் வடிவ ஷாட்கன் மைக்கைப் பலர் இந்த நம்பிக்கையில்தான் வாங்குகிறார்கள். அதன் குழல் உயர் அதிர்வெண்களில் மட்டுமே திசையைக் கூர்மையாக்குகிறது. தாழ்ந்த அதிர்வெண்களில் அது ஏறத்தாழ ஹைப்பர்கார்டியாய்டைப் போலவே நடந்துகொள்ளும். எதிரொலி மிகுந்த கூடத்தில் பக்கவாட்டிலிருந்து வரும் ஒலியின் நிறம் இதனால் கெட்டுவிடும். திறந்தவெளியில் பேச்சைப் பதிவு செய்ய அது சிறந்த கருவி. மூடிய அரங்கில் இசைக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

தேர்வு இப்படி அமையலாம். ஒலிபெருக்கி இல்லாத இசையில், மேடைக்கு இரண்டு மூன்று மீட்டருக்குள் இடம் கிடைத்தால் ஆம்னி மைக்குகளைத் தயங்காமல் எடுங்கள். அவற்றின் தாழ்சுருதி ஆழமானது. காற்றும் அதிர்வும் அவற்றை எளிதில் பாதிப்பதில்லை. அதற்குப் பின்னால், ரசிகர்கள் சூழ்ந்த இடங்களில், கார்டியாய்டு பொருத்தமானது. நேர் பின்னாலிருந்து வரும் ஒலியை அது மிகக் குறைவாகவே ஏற்கும் என்பதால் பின்வரிசைக் கைதட்டல் அடங்கிக் கேட்கும். கூடத்தின் பின்பாதியில்தான் இடம் என்றால் சூப்பர்கார்டியாய்டு (கார்டியாய்டுக்கும் ஹைப்பர்கார்டியாய்டுக்கும் இடைப்பட்டது) அல்லது ஹைப்பர்கார்டியாய்டு. இவை இரண்டும் நேர் பின்னால் சற்றே ஒலி ஏற்பவை, ஆகவே முதுகுக்குப் பின்னால் சுவர் நெருக்கமாக இல்லாதவாறு பாருங்கள். திசை மைக்குகள் அனைத்திலும் தொலைவில் தாழ்சுருதி கொஞ்சம் மெலிந்துவிடும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

ஒலிபெருக்கி உள்ள கச்சேரியில் நீங்கள் உண்மையில் பதிவு செய்வது மேடையை அல்ல, இடமும் வலமும் நிற்கும் ஸ்பீக்கர்களை. அங்கே அரங்கின் நடுக்கோட்டில், ஒலிப்பொறியாளரின் பார்வையை மறைக்காமல், ஒலிக்கலவை மேசைக்குச் சற்று முன்னால் நிற்பதே சிறந்தது. அந்த இடத்தில் கேட்பதை வைத்துத்தான் ஒலிப்பொறியாளர் கலவையை அமைக்கிறார். ஒரு பக்க ஸ்பீக்கருக்கு நேர் முன்னால் நின்றால் இடம், வலம் என்ற பிரிவே இல்லாத பதிவுதான் கிடைக்கும். உயரமும் முக்கியம். நின்றுகொண்டிருக்கும் ரசிகர்களின் தலைக்கு மேலே, தரையிலிருந்து 2.5 முதல் 3 மீட்டர் வரை மைக்கை உயர்த்தினால் ஸ்பீக்கரின் உயர்சுருதி தடையின்றி வந்து சேரும், அருகிலிருப்பவரின் பேச்சும் விலகும்.

படி 3: இரண்டு மைக்குகளை எப்படி அமைப்பது

ரெக்கார்டரின் தலையிலேயே உள்ள மைக்குகள் பெரும்பாலும் எக்ஸ்-ஒய் என்னும் அமைப்பில், ஒன்றின் மேல் ஒன்றாக, 90 பாகையில் விலகி நிற்கும். ஒலி இரண்டையும் ஒரே நேரத்தில் அடைவதால் மோனோவாக, அதாவது இடம் வலம் இரண்டையும் ஒன்றாக்கி, கேட்டாலும் பழுதில்லை. ஆனால் பரப்பு குறுகியிருக்கும். வெளி மைக் வாங்கப் பலரையும் தூண்டுவது இந்தக் குறுகலும், உள்ளமைந்த மைக்குகளின் இரைச்சலும்தான்.

கார்டியாய்டு இணை ஒன்றை வாங்கினால் முதலில் கற்க வேண்டியது பிரெஞ்சு வானொலியில் உருவான ஓ.ஆர்.டி.எஃப். அமைப்பு. இரு மைக்குகளின் முனைகளும் 17 செ.மீ. விலகி, வெளிநோக்கி 110 பாகை கோணத்தில் நிற்க வேண்டும். 17 செ.மீ. என்பது ஒரு சாணைவிடக் குறைவு. ஆனாலும் கையால் அளக்காமல் அளவுகோல் வைத்துப் பாருங்கள், அதுவும் முனையிலிருந்து முனைக்கு. இங்கே நடைமுறைத் தொல்லை ஒன்று உண்டு. மைக்குகள் வெளிநோக்கித் திரும்பும்போது அவற்றின் வால்பகுதிகள் உள்நோக்கி நெருங்கும். கேபிள் முனையையும் சேர்த்து மைக்கின் நீளம் ஏறத்தாழ 10 செ.மீ.யைத் தாண்டினால் இரண்டு வால்களும் ஒன்றையொன்று முட்டும். அப்போது ஒரு மைக்கைச் சற்று உயர்த்தி மற்றதன் மேல் குறுக்காகப் போகும்படி அமைக்க வேண்டும். உடல் குட்டையான மைக்குகளுக்கும் எல் வடிவக் கேபிள் முனைகளுக்கும் பதிவாளர்களிடையே இருக்கும் மவுசுக்கு இதுவும் ஒரு காரணம்.

நெதர்லாந்து வானொலியின் என்.ஓ.எஸ். அமைப்பில் இடைவெளி 30 செ.மீ., கோணம் 90 பாகை. ஜெர்மானிய டி.ஐ.என். அமைப்பில் 20 செ.மீ., 90 பாகை. ஒலிபெருக்கிக் கச்சேரியில் ஸ்பீக்கர்கள் குறுகிய கோணத்தில் தெரியும் அளவுக்குப் பின்னால் நின்றால், 110 பாகையில் மைக்குகள் பக்கச் சுவர்களைப் பார்க்கத் தொடங்கிவிடும். அங்கே 90 பாகை அமைப்புகள் மேலானவை. ஆம்னி மைக்குகளுக்குக் கோணம் பெரிய பொருட்டல்ல, இடைவெளிதான் எல்லாம்: 40 முதல் 60 செ.மீ. வரை இணையாக வைத்துத் தொடங்கலாம். இவற்றுக்கெல்லாம் தேவைப்படும் துணைக்கருவி ஒன்றே ஒன்று, இரு மைக் பொருத்தும் ஸ்டீரியோ பார். அதில் அளவுக்குறிகள் செதுக்கப்பட்டிருந்தால் இருட்டில் கைகொடுக்கும்.

படி 4: விவரக்குறிப்பில் எதைப் பார்ப்பது

விவரத்தாளில் இரண்டு எண்கள் போதும். முதலாவது மைக்கின் சுய இரைச்சல். ஒலிபெருக்கி இல்லாத மெல்லிய இசைக்கு ஏ எடையிட்ட (காதின் உணர்வுக்கேற்பத் திருத்திய) அளவில் 16 டெசிபலுக்குக் குறைவாக இருப்பது நல்லது. உரத்த கச்சேரிக்கு இந்த எண்ணைப் பற்றிக் கவலையே வேண்டாம். இரண்டாவது, மைக் தாங்கும் உச்ச ஒலியழுத்தம். ராக் கச்சேரி போன்றவற்றில் ரசிகர் பகுதியிலேயே ஒலி 100 டெசிபலை எளிதில் தாண்டும், டிரம் அடிகளின் உச்சங்கள் இன்னும் மேலே போகும். 130 டெசிபலோ அதற்கு மேலோ தாங்கும் மைக்கைத் தேடுங்கள். இரு மைக்குகளையும் பொருத்தம் பார்த்த இணையாக வாங்குங்கள். பாடகர் கையில் பிடிக்கும் டைனமிக் மைக் எவ்வளவு உரத்த ஒலியையும் தாங்கும், மின்சாரமும் கேட்காது. ஆனால் உணர்திறன் குறைவு என்பதால், பத்து மீட்டர் தள்ளி நிறுத்தி கெய்னை (ரெக்கார்டர் ஒலியைப் பெருக்கும் அளவை) ஏற்றினால் ரெக்கார்டரின் இரைச்சல்தான் மேலெழும்.

படி 5: மைக்குக்கு மின்சாரம்

புதியவர்களின் பதிவுகள் அதிகமாகக் கெடுவது இங்கேதான், காரணம் தெரியாமலே கெடுவதும் இங்கேதான்.

இயங்க மின்சாரம் தேவைப்படும் முழு அளவிலான கண்டென்சர் மைக்குகள், மூன்று ஊசி முனையுள்ள எக்ஸ்.எல்.ஆர். கேபிள் வழியே ரெக்கார்டர் அனுப்பும் 48 வோல்ட் மின்சாரத்தை, அதாவது பேண்டம் பவரை, பெறுகின்றன. சட்டையில் குத்தும் அளவுள்ள சிறிய எலக்ட்ரெட் மைக்குகள் 3.5 மி.மீ. துளை வழியே பிளக்-இன் பவர் எனப்படும் சில வோல்ட் மின்சாரத்தை மட்டுமே பெறுகின்றன. இரண்டும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. சிறிய மைக்கை எக்ஸ்.எல்.ஆர். துளையில் செருக விரும்பினால், 48 வோல்டைத் தாழ்த்தித் தரும் மாற்றி கட்டாயம் இருக்க வேண்டும். வெறும் முனை மாற்றும் அடாப்டரைப் போட்டுப் பேண்டம் பவரை இயக்கினால் மைக் கருகிவிடக்கூடும்.

சிறிய மைக்குகளின் சிக்கல் உரத்த கச்சேரியில் தெரியவரும். மைக்குக்குள் இருக்கும் நுண்பெருக்கிக்குக் கிடைப்பது இரண்டு மூன்று வோல்ட் மட்டுமே என்பதால், பேஸ் கிட்டாரும் கிக் டிரம்மும் சேர்ந்து வரும்போது அதன் வெளியீடு அந்த வோல்ட் எல்லையில் முட்டி நின்றுவிடும். கெய்னை எவ்வளவு குறைத்தாலும் கரகரப்பு போகாது. பதிவைக் கணினியில் திறந்து அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். உச்சிகள் 0 டெசிபல் கோட்டில் (டிஜிட்டல் பதிவின் உச்ச எல்லை) தட்டையாக வெட்டப்பட்டிருந்தால் கெய்ன் அதிகம் என்று பொருள். மைனஸ் 10 டெசிபலிலேயே, அதாவது மேலே ஏராளமான இடம் இருக்கும்போதே, கத்தரித்தாற்போல் தட்டையாக இருந்தால் கோளாறு கெய்னுக்கு முன்னால், மைக்கிலோ ரெக்கார்டரின் முதல் பெருக்கியிலோ இருக்கிறது.

இதற்கான மருந்து, 9 வோல்ட் பேட்டரி கொண்ட சிறு பெட்டி. மைக்குக்கும் ரெக்கார்டருக்கும் நடுவே இதை இணைத்து, அதன் வெளியீட்டை ரெக்கார்டரின் மைக் துளையில் செருகாமல், வலுவான ஒலிக்குறிகையை ஏற்கும் லைன் துளையில் செருக வேண்டும். மைக்கின் நுண்பெருக்கிக்குத் தேவையான வோல்ட் கிடைக்கிறது; ரெக்கார்டரின் மைக் பெருக்கியும் முழுதாகத் தவிர்க்கப்படுகிறது. சில பெட்டிகளில் தாழ்சுருதியைக் குறைக்கும் சுவிட்சும் உண்டு. உரத்த கச்சேரிகளைச் சிறிய மைக்கில் பதிவு செய்ய நினைப்பவருக்கு, இன்னொரு மைக் வாங்குவதைவிட இந்தப் பெட்டியே முதல் தேவை.

பேண்டம் பவரிலும் ஒரு எச்சரிக்கை: சில ரெக்கார்டர்கள் பேட்டரியைச் சேமிக்க 24 வோல்டுக்கு மாற்றிக்கொள்ளும் வசதி தருகின்றன. உங்கள் மைக் அந்த வோல்டில் இயங்கும் என்று அதன் குறிப்பேடு சொன்னாலொழிய அதைத் தொடாதீர்கள்.

படி 6: ரெக்கார்டர்

மேலே எடுத்த முடிவுகள் ரெக்கார்டரைப் பெரும்பாலும் தீர்மானித்துவிடும். 48 வோல்ட் மைக் என்றால் எக்ஸ்.எல்.ஆர். துளைகள் வேண்டும், சிறிய மைக் என்றால் நல்ல லைன் துளை வேண்டும். தானியங்கி கெய்ன் வசதியை முழுமையாக நிறுத்த முடிகிறதா என்று பாருங்கள், முடியாத கருவி இசைக்கு உதவாது.

சூம் எஃப்3, சவுண்ட் டிவைசஸ் மிக்ஸ்பிரீ-3 II போன்ற கருவிகளில் வந்துள்ள 32 பிட் ஃப்ளோட் பதிவைப் பற்றி இரண்டு வார்த்தை. 0 டெசிபலைத் தாண்டிப் பதிவானாலும் பின்னர் கணினியில் அளவைக் குறைத்து மீட்டுக்கொள்ளலாம் என்பது உண்மை; ஒலிபரிசோதனைக்கு வாய்ப்பே தராத கச்சேரிகளில் இது பெரிய நிம்மதி. ஆனால் மைக்கிலேயே ஒலி வெட்டுப்பட்டிருந்தால் 32 பிட் அந்த வெட்டை மிகத் துல்லியமாகப் பதிவு செய்யும், அவ்வளவுதான். 24 பிட் கருவியை முறையாகக் கையாளத் தெரிந்தவர் இதற்காக மட்டும் கருவியை மாற்றத் தேவையில்லை.

படி 7: துணைக்கருவிகள்

ஸ்டாண்டு எடை குறைந்ததாகவும் 3 மீட்டர் வரை உயரக்கூடியதாகவும் இருக்கட்டும். உயரம் கூடக் கூட அதைக் கவிழ்ப்பது எளிதாகும்; அடியில் மணல் பை ஒன்றைத் தொங்கவிடுங்கள், கால்களை முழுமையாக விரியுங்கள். தலைக்கு மேல் மூன்று மீட்டரில் இரும்பும் மைக்குகளும் தொங்கும்போது இது ஒலித்தரம் பற்றிய பேச்சு அல்ல, பாதுகாப்பு பற்றியது.

மரத்தளத்தில் காலடி அதிர்வு ஸ்டாண்டு வழியே ஏறி மைக்கில் "தும் தும்" என்று விழும். ரப்பர் இழைகளில் மைக்கைத் தொங்கவிடும் ஷாக் மவுண்ட் இதைத் தடுக்கிறது. கேபிள் இறுக்கமாக இழுபட்டிருந்தால் அதிர்வு அதன் வழியே வந்துசேரும் என்பதால், மைக்குக்கு அருகில் கேபிளைச் சிறு வளையமாகத் தளர்த்திவிட்டுப் பிறகு ஸ்டாண்டில் கட்டுங்கள்.

காற்றுத் தடுப்பில் நுரை உறை கூடத்துக்குள் மட்டுமே போதுமானது. திறந்தவெளியில் நீள முடி உறை இன்றிப் போகாதீர்கள். காதுக்குக் கேட்காத மெல்லிய காற்றுகூட மைக்கில் இடியாக விழும், திசை மைக்குகளில் இன்னும் மோசமாக. கூடத்துக்குள்ளும் குளிர்சாதனக் காற்று மைக்கின் மேல் நேராக வீசுகிறதா என்று கையை உயர்த்திப் பாருங்கள்.

எக்ஸ்.எல்.ஆர். மைக்குகளுக்கு, வெளி மின் இரைச்சலைத் தவிர்க்கும் சமநிலைக் கேபிளே வேண்டும். நடைபாதையைக் கடக்கும் இடத்தில் துணி டேப்பால் தரையோடு ஒட்டுங்கள். மாற்றுக் கேபிள் ஒன்று பையில் எப்போதும் இருக்கட்டும், ஏனெனில் இந்தச் சங்கிலியில் முதலில் பழுதாவது அதுதான்.

மின்சாரத்துக்கு நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜ் பேட்டரிகள் நன்கு உழைக்கும். அவற்றின் அளவு 1.2 வோல்ட், சாதாரண பேட்டரியின் அளவு 1.5, ரெக்கார்டரின் மெனுவில் பேட்டரி வகையைச் சரியாகக் குறிப்பிடாவிட்டால் மீதமுள்ள அளவைக் கருவி தவறாகக் காட்டும். பேண்டம் பவரை இயக்கினால் பேட்டரி வெகுவாகச் சீக்கிரம் தீரும், ஆகையால் கச்சேரியின் முழு நேரத்துக்கும் பேண்டம் பவருடன் வீட்டில் ஓடவிட்டுச் சோதியுங்கள். பவர் பேங்க் பயன்படுத்துவோர் இரண்டைக் கவனிக்க வேண்டும்: ரெக்கார்டர் எடுக்கும் மின்சாரம் மிகக் குறைவு என்பதால் சில பவர் பேங்குகள் தாமாகவே அணைந்துவிடும், வேறு சில மெல்லிய சீற்றொலியைப் பதிவில் கலந்துவிடும்.

மெமரி கார்டின் கணக்கு எளிது. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோ பதிவு மணிக்கு ஏறத்தாழ 1 ஜிபி எடுக்கும். 32 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் என்றால் 2.8 ஜிபி. சாதாரண வேவ் கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. சில ரெக்கார்டர்கள் 2 ஜிபியிலேயே அடுத்த கோப்புக்கு மாறும். மாறும் இடத்தில் ஒலி விடுபடுகிறதா என்பதைக் கச்சேரிக்கு முன்பே கேட்டுப் பாருங்கள்.

படி 8: ஒலிக்கலவை மேசையிலிருந்தும் பதிவு எடுத்தால்

மேசையிலிருந்து வரும் ஒலி சுத்தமாக இருக்கும், ஆனால் முழுமையாக இருக்காது. சிறு அரங்குகளில் டிரம்மும் கிட்டார் ஆம்பும் தாமாகவே உரக்கக் கேட்பதால் ஒலிப்பொறியாளர் அவற்றைக் கலவையில் குறைத்தே வைப்பார். மேசைப் பதிவில் குரல் மட்டும் முன்னால் நிற்கும், மற்றவை தூரத்தில் கேட்கும். மைக் பதிவோடு கலந்தால்தான் அது உயிர் பெறும். நான்கு தடங்களைப் பதிவு செய்யும் ரெக்கார்டர் இதற்கே பயன்படுகிறது. இரண்டு தனித்தனிக் கருவிகளில் பதிவு செய்தால் அவற்றின் கடிகாரங்கள் மெல்ல விலகும். பத்து லட்சத்தில் பத்துப் பங்கு வித்தியாசமே ஒரு மணி நேரத்தில் 36 மில்லி விநாடி ஆகிவிடும்.

மேசையின் வெளியீட்டை லைன் துளையில் மட்டுமே இணையுங்கள், அந்தத் துளையில் பேண்டம் பவர் அணைந்திருக்கட்டும். "ம்ம்" என்ற மின் முனகல் கேட்டால் தனிமைப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மர் பெட்டி தீர்த்துவைக்கும். கலக்கும்போது மேசைத் தடத்தைத் தாமதப்படுத்த வேண்டும்: ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்வதால், ஸ்பீக்கரிலிருந்து 20 மீட்டர் தள்ளி நிற்கும் மைக்குக்கு அது 58 மில்லி விநாடி பிந்தியே வந்து சேருகிறது.

படி 9: கச்சேரி நாளில்

ஒலிபரிசோதனையின்போது மிக உரத்த பகுதியைக் கேட்டு, உச்சங்கள் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாதபடி கெய்னை வையுங்கள். கச்சேரி நடக்கும்போது பரிசோதனையைவிட ஒலி எப்போதும் ஏறும், கடைசிப் பாடல் முதல் பாடலைவிட ஏறும். 24 பிட் பதிவில் சற்றுக் குறைவாக வைப்பதால் இழப்பு எதுவும் இல்லை. உச்சங்களைத் தானாகவே அமுக்கும் லிமிட்டரை அணையுங்கள். தாழ்சுருதி வெட்டியைத் திறந்தவெளியில் மட்டும் 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். மற்ற இடங்களில் அந்த வேலையைப் பின்னர் கணினியில் செய்வது நல்லது. இடது மைக்கை விரலால் தட்டி ஹெட்ஃபோனில் இடது காதில்தான் கேட்கிறதா என்று உறுதி செய்யுங்கள். காதை முழுதாக மூடும் ஹெட்ஃபோனாக இருந்தாலும், உரத்த இசை தொடங்கிய பிறகு அதை நம்ப முடியாது. அப்போது மீட்டரையே பாருங்கள்.

பதிவுப் பொத்தானைப் பல கருவிகளில் இருமுறை அழுத்த வேண்டும். முதல் அழுத்தலில் சிவப்பு விளக்கு மினுக்கும். அது தயார்நிலை மட்டுமே. இரண்டாவது அழுத்தலில் விளக்கு நிலையாக எரிந்து, திரையில் விநாடிகள் ஓடத் தொடங்கினால்தான் பதிவு நடக்கிறது. விநாடிகள் ஓடுவதைக் கண்ணால் பார்த்த பிறகு பூட்டும் சுவிட்சைத் தள்ளிவிடுங்கள். இடைவேளையில் பேட்டரியை மாற்றுவதானால் முதலில் பதிவை நிறுத்தி, கோப்பு எழுதி முடியும் வரை காத்திருங்கள்.

வீடு திரும்பியதும் கோப்புகளை இரண்டு வெவ்வேறு டிஸ்க்குகளில் நகலெடுத்து, நகலைத் திறந்து கடைசி நிமிடம் வரை ஒலிக்கிறதா என்று பார்த்த பிறகே கார்டை அழியுங்கள்; அதையும் கணினியில் செய்யாமல் ரெக்கார்டரிலேயே ஃபார்மட் செய்யுங்கள்.